எட்டங்குல அங்க அடையாளம்

கண்டிக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் பக்கத்தில் கலாராணி இருபத்திரண்டு வருஷமாகப் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறாள். பிறப்புச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், காணி உறுதி என்று ஊராரின் வாழ்வும் சாவும் அவளுடைய மெஷின் வழியாகத்தான் போய்வருகின்றன. கடைக்கு வருகிறவர்களுக்கு அவள் காசு வாங்காமல் கொடுக்கும் புத்திமதி ஒன்று உண்டு.

"கேட்டதைக் குடுங்க. அதோட கேக்காதது ஒன்னையும் சேத்து வச்சிருங்க. அப்பதான் மறுபடி வரச் சொல்ல மாட்டாங்க."

இந்தப் புத்திமதியால் பலன் அடைந்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். கெட்டுப்போனவள் ஒருத்திதான். அவளேதான்.

விஷயம் ஒரு காரைப் பற்றியது. அவளுடைய அப்பா பொன்னுத்துரையின் கார். ஐம்பத்தொன்பதாம் வருஷத்து ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், சாம்பல் நிறம், 'ஸ்ரீ' இலக்கத் தகடு. எண்பத்து மூன்றில், தமிழர்களைத் தேடித் தேடி அடித்த ஆடிக் கலவரத்தில், புசல்லாவையில் அவர்களுடைய கடை எரிக்கப்பட்டபோது, அப்பா குடும்பத்தை அள்ளிப் போட்டுக்கொண்டு இந்தக் காரில்தான் கண்டிக்குத் தப்பி வந்தார். வழியில் நாலைந்து பேர் மறித்து இரும்புக் கம்பியால் அடித்தார்கள். ஒரு அடி இடப்புறப் பின் கதவில் விழுந்தது. கதவுக்கு உள்ளே கஜலட்சுமி அக்காவின் முழங்கை இருந்தது. அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. பத்து வயதுக் கலாராணி அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்திருந்தாள். சத்தத்தை மட்டும் கேட்டாள். அன்று மடங்கிய அக்காவின் இடது கை பிறகு நீளவில்லை.

அப்பா கதவைத் திருத்தவில்லை. முறைப்பாடு எழுதிக் கொடுத்திருந்தார். "விசாரணைக்கு வருவாங்க, அத்தாட்சி அப்படியே இருக்கணும்" என்று எட்டு வருஷம் அந்தப் பள்ளத்தோடேயே ஓட்டினார். விசாரணை வரவில்லை, மாரடைப்பு வந்தது. கார் தார்ப்பாய்க்கு அடியில் போனது. அக்கா அந்தக் காரிலும் ஏறவில்லை, புசல்லாவைப் பக்கமும் திரும்பவில்லை. ஏறச் சொன்னால் ஒரே பதில்தான் சொல்லுவாள்: "அந்தப் பள்ளம் இருக்கிற வரைக்கும் என்னைக் கூப்பிடாத."

ஆகவே கலாராணி காரைக் கட்டுகஸ்தோட்டை அஸ்ஃபர் நானாவின் கராஜில் விட்டபோது, எஞ்சினுக்கு முன்னால் கதவைத்தான் காட்டினாள். அஸ்ஃபர் நானா பதினொரு நாள் அந்த ஒரு கதவைத் தட்டினார். மிச்சக் காருக்கு ஆறு வருஷம் போனது. வேலை முடிந்த அன்று அக்கா ஓட்டோவில் வந்து, மடங்கிய கையாலேயே கதவைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"எங்க இருந்துச்சுன்னே தெரியல" என்றாள். பிறகு, "ரோட்டுல ஓட வை. ஏறுறேன். புசல்லாவைக்குப் போவோம்" என்றாள்.

நாற்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு மனுஷி 'ஏறுறேன்' என்று சொல்லிவிட்டாள். ஒரு சாமானிய ஜனத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அனுமதி வேண்டும். அதற்குத்தான் கெட்டம்பேப் பக்கத்தில் மூன்று மாடியில் ஒரு கட்டடம் இருந்தது. தொன்மை வாகன மீள்வீதியேற்றப் பணியகம். பழைய காரை மறுபடி ஓட்ட விரும்புகிறவர்கள் வரவேண்டிய இடம் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். போகிற இடம் என்று எங்கும் போடவில்லை.

முதல் சிக்கல் வாசலிலேயே காத்திருந்தது. அனுமதி இல்லாத காரை ஓட்டிக்கொண்டு வரக்கூடாது. சரி என்று லொறியில் ஏற்றிக்கொண்டு போனால், லொறியில் வருவது வாகனம் அல்ல, சரக்கு. சரக்குக்குப் பணியகத்தில் பிரிவு இல்லை என்றார் காவலாளி. கடைசியில் முச்சந்தியில் லொறியை நிறுத்திக் காரை இறக்கி, அஸ்ஃபர் நானாவும் இரண்டு பேரும் கலாராணியும் முந்நூறு யார் தூரம் தள்ளிக்கொண்டு போனார்கள். காவலாளி பதிவுக் கொப்பியைத் திறந்து, 'வந்த விதம்: தள்ளி' என்று மணி மணியாக எழுதினார்.

உள்ளே தமிழ்ப் பிரிவு செவ்வாயும் வியாழனும் மட்டும். அங்கே துஷாந்த் என்ற யாழ்ப்பாணத்துப் பொடியன் உட்கார்ந்திருந்தான். மரியாதையான பிள்ளை. அந்தக் கட்டடத்தில் எல்லாருமே மரியாதையானவர்கள். ஒருவர் குரலை உயர்த்தியதை யாரும் பார்த்ததில்லை. ஒரு வேலை முடிந்ததையும் பார்த்ததில்லை.

கேட்ட கடதாசி ஒன்பது. கலாராணி ஒன்பதையும் வரிசையாக அடுக்கி வைத்தாள். பிறகு, இருபத்திரண்டு வருஷப் பழக்கம் யாரை விட்டது, கேட்காத பத்தாவதையும் மேலே வைத்தாள். எண்பத்து நாலில் சோதனைச் சாவடிகளில் காட்டுவதற்காக அப்பாவுக்கு ஏதோவொரு அரசாங்க அலுவலகத்தில் கொடுத்திருந்த பழுப்பு அட்டை அது. துஷாந்த் அந்த ஒன்பதையும் ஒதுக்கி வைத்துவிட்டு, பத்தாவதை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தான்.

மனிதர்களுக்கு அடித்த படிவத்தையே அந்தக் காலத்தில் வாகனத்துக்கும் பாவித்திருந்தார்கள். அதில் இப்படி இருந்தது: 'அங்க அடையாளம்: இடப்புறப் பின் கதவில் எட்டு அங்குலப் பள்ளம். ஏற்பட்ட விதம்: பிறவியிலேயே.'

துஷாந்த் வெளியே வந்தான். காரைச் சுற்றினான். கதவருகில் குந்தியிருந்து பார்த்தான்.

"அக்கா, பள்ளம் எங்க?"

"எடுத்தாச்சு தம்பி."

"எடுத்து எங்க வச்சிருக்கிறியள்?"

கலாராணிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை என்று கண்டதும் அடங்கிவிட்டது.

"பள்ளத்த எங்க தம்பி வைக்கிறது? தட்டி எடுத்தாச்சு."

"அப்ப இது அந்தக் கார் இல்லைதானே அக்கா. அந்தக் காருக்குப் பள்ளம் இருக்குது. இதுக்கு இல்லை. எனக்கு விளங்குது, நான் என்ன செய்யிறது? அந்தக் கார் காணாமப் போயிட்டுது எண்டுதான் எழுத வேணும். நீங்கள் ஒருக்கா பொலிசில முறைப்பாடு குடுத்து அதின்ர கொப்பியக் கொண்டாங்கோ."

முன்னால் நிற்கிற காரைக் காணவில்லை என்று முறைப்பாடு கொடுக்க ஒருத்தி பொலிசுக்குப் போனாள். போனாள் என்றால் உண்மையாகவே போனாள். கடையை மூடிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு. எழுதுகிற பொலிஸ்காரர், "கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" என்று கேட்டார்.

"காலையில."

"எங்கே?"

"பணியகத்து முற்றத்துல."

"இப்போது எங்கே இருக்கிறது?"

"பணியகத்து முற்றத்துல."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, வீட்டில் யாரும் சுகமில்லாமல் இருக்கிறார்களா என்று அன்பாக விசாரித்தார். கலாராணி வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நின்று அழுதாள். கவலையில் அல்ல, ஆத்திரத்தில். ஆத்திரத்தில் அழுவது இன்னும் கேவலமாக இருக்கிறது, பார்க்கிறவர்கள் இரக்கப்படுகிறார்கள்.

மூன்று வாரம் நடந்து, பணிப்பாளரைச் சந்திக்க நேரம் கிடைத்தது. அவருடைய அறையில் ஒரு பெரிய அலுமாரி, அதற்குள் கேடயங்கள். அவர் பேசியது சிங்களத்தில். கண்டியில் கடை வைத்திருக்கிறவளுக்குச் சிங்களம் தெரியாமல் இருக்குமா? சொல் குறையாமல் தமிழில் தருகிறேன்; 'நோனா' மட்டும் அப்படியே இருக்கட்டும், அம்மணி என்று அர்த்தம்.

"நோனா, பதினான்கு வருஷமாக இந்தக் கதிரையில் இருக்கிறேன். இன்றுவரை ஒரு கார்கூட இந்தப் பணியகத்திலிருந்து வீதிக்குப் போனதில்லை. ஏன் தெரியுமா? தரத்தை நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் கேடயங்கள் எல்லாம் அதற்குத் தந்தவை."

கலாராணி பள்ளம் எப்படி வந்தது என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் கையை உயர்த்தினார்.

"வேண்டாம். அது வந்த வழி எங்களுக்குத் தேவையில்லை. பழையதைக் கிளறக்கூடாது என்பது எங்கள் கொள்கை. பழையதைப் பாதுகாக்க வேண்டும் என்பதும் எங்கள் கொள்கை. நோனா யோசித்துப் பாருங்கள், மனிதர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லுவார்கள். அட்டை சொல்லாது. அட்டை 'பிறவியிலேயே' என்கிறது. அரசாங்கம் ஒன்றை எழுதி முத்திரை குத்திவிட்டால் அது அரசாங்கச் சொத்து. அந்தப் பள்ளம் அரசாங்கச் சொத்து. அதை நீங்கள் பதினொரு நாள் சுத்தியலால் தட்டி அழித்திருக்கிறீர்கள். நான் வழக்குப் போடலாம். போடவில்லை. ஏனென்றால் நான் மனிதத்தன்மை உள்ளவன்."

மனிதத்தன்மையின் விளைவாக ஒரு கடிதம் வந்தது, மூன்று மொழியில். அடையாளத்தை மீள நிறுவுமாறு பணிக்கப்பட்டிருந்தது. பள்ளத்தின் நீளம் எட்டு அங்குலம், ஆழம் குழு தீர்மானித்தபடி ஒன்றேமுக்கால் அங்குலம். 'பாவிக்கப்படும் கருவி மூலக் கருவியை ஒத்ததாக இருத்தல் வேண்டும்.' கடதாசி மட்டையில் வெட்டிய ஒரு மாதிரி இணைக்கப்பட்டிருந்தது. ஆழத்தைத் தீர்மானிக்கக் குழு நாலு தடவை கூடியது. நாலு தடவையும் காரைப் பார்க்கவில்லை.

கலாராணி அந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த யன்னலுக்குப் போனாள். அது வாகனத்தின் வீதித் தகுதியைப் பார்க்கிற யன்னல்.

"பள்ளம் உள்ள கதவுக்குத் தகுதிச் சான்றிதழ் தரமுடியாது" என்றார் அங்கிருந்தவர்.

"பள்ளம் இல்லாட்டி அடையாளச் சான்றிதழ் தர மாட்டாங்களாம்."

"ஆமாம், அது பக்கத்து யன்னல். முதலில் பள்ளம் போடுங்கள். அடையாளச் சான்றிதழ் எடுங்கள். பிறகு பள்ளத்தை அகற்ற அனுமதி கேட்டு விண்ணப்பியுங்கள். அந்தக் குழு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கூடும். இவ்வளவு இலகுவாக இருக்கும்போது ஏன் நோனா பதற்றப்படுகிறீர்கள்?"

அஸ்ஃபர் நானா கடிதத்தை வாசிக்கக் கேட்டுவிட்டு, இன்னும் பணியகத்து முற்றத்திலேயே நின்ற காரிடம் போனார். மட்டை மாதிரியைக் கதவில் வைத்துப் பார்த்தார். பிறகு அதை எடுத்துவிட்டு, வைத்த இடத்தைச் சட்டைக் கையால் துடைத்தார்.

"நாப்பது வருஷமா டிங்கர் வேல செய்றேன் தங்கச்சி. உடஞ்சத நேராக்கச் சொல்லி வருவாங்க. நேரா ஈக்கிறத உடைக்கச் சொல்லி ஒரு கடதாசி வந்தது இதுதான் முதல் தரம். நான் செய்ய மாட்டேன். நீங்க செய்ய வேணாமுன்னும் சொல்ல ஏலாது. அது ஒங்கட கார்."

கலாராணி நான்கு நாள் யோசித்தாள். அக்கா புசல்லாவைக்குக் கட்டுவதற்கென்று ஒரு மயில் கழுத்து நிறப் புடவையை அலுமாரியிலிருந்து எடுத்து வெளியே தொங்கப் போட்டிருந்தாள். தினமும் கேட்பாள்: "என்னாச்சு?" கலாராணி கடைசியில் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒரு அடிதானே. அடித்துச் சான்றிதழை எடுப்போம். அஸ்ஃபர் நானா மறுபடி பதினொரு நாள் தட்டட்டும். அக்காவுக்குத் தெரிய வேண்டாம். பணியகத்தில் சம்மதக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்து அக்காவிடம், "வியாழக்கிழமை எல்லாம் முடியுது" என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போது முகத்தைப் பார்க்கவில்லை. பணியகத்தை நான் திட்டுகிறேன். ஆனால் அந்த நாலு நாளில் பணியகம் அவளையும் கொஞ்சம் தன் ஆளாக்கிவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வியாழக்கிழமை முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். பதினான்கு வருஷத்தில் பணியகம் ஒரு காரியத்தைச் செய்து முடிக்கப்போகிற முதல் நாள் அல்லவா? குத்துவிளக்கு, பதாகை, சிற்றுண்டிப் பொதி, படம் பிடிக்க ஒரு ஆள். சுபநேரம் பத்து நாற்பத்திரண்டு. காருக்கு மாலை போட்டிருந்தார்கள். தட்டொன்றில் வெற்றிலை பரப்பி, அதன் மேல் ஒரு இரும்புக் கம்பி வைத்திருந்தார்கள். புதுக் கம்பி, கேள்விப்பத்திரம் கோரி, டெண்டர் முறையில் வாங்கியது.

பணிப்பாளர் விளக்கை ஏற்றிவிட்டுப் பேசினார்.

"இன்று நாம் போடுவது பள்ளமல்ல. இது மரபுரிமை. சில நாடுகளில் பழைய காயங்களை ஆற்றப் பார்க்கிறார்கள். நாங்கள் அப்படி அவசரப்படுகிறவர்கள் அல்ல. நாங்கள் அவற்றை அளவெடுத்துப் பேணுகிறோம். எட்டு அங்குலம் என்றால் எட்டு அங்குலம். ஒரு அங்குலம்கூட மறக்கவிட மாட்டோம்."

எல்லாரும் கை தட்டினார்கள். தட்டி முடிகிற நேரத்தில் வாசலில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. மயில் கழுத்து நிறப் புடவையில் அக்கா இறங்கினாள். இன்றைக்கு எல்லாம் முடிகிறது என்று தங்கச்சி சொல்லியிருக்கிறாளே, இங்கிருந்தே புசல்லாவைக்குப் போய்விடலாம் என்று தண்ணீர்ப் போத்தலும் பையுமாக வந்திருந்தாள். மாலை போட்ட காரைப் பார்த்து முகம் மலர்ந்தாள். பிறகு தட்டைப் பார்த்தாள்.

துஷாந்த் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி வந்து கலாராணியிடம் நீட்டினான். "அக்கா, நேரம் சரி. உரிமையாளர்தான் அடிக்க வேணும்."

கலாராணியின் கை எழும்பவில்லை. அக்கா நடந்து வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள்.

"என்ன தம்பி இது?"

அவன் மரியாதையாக விளக்கினான். அட்டை, அடையாளம், குழு, ஒன்றேமுக்கால் அங்குலம். அக்கா முழுவதும் கேட்டாள். தங்கச்சியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்; அந்தப் பார்வையைக் கலாராணி சாகிற வரைக்கும் மறக்க மாட்டாள்.

"அன்னைக்கு நாங்க அடிக்கல தம்பி" என்றாள் அக்கா. "நாங்க உள்ளுக்கு இருந்தோம். எங்களுக்கு இந்த வேலை தெரியாது. அடிச்சவங்க பேரு உங்க ஃபைல்ல இருக்கும், பாருங்க. அவங்களையே கூப்பிடுங்க. நல்லாப் பழகின கை."

துஷாந்த் பிழையான பிள்ளை அல்ல. அவன் உண்மையாகவே ஃபைலைத் திறந்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தான். நிமிர்ந்தபோது அவனுடைய முகம் வெளுத்திருந்தது.

"அதுக்கு இதில கட்டம் இல்லை அக்கா."

நேரம் பத்து நாற்பத்தொன்று. "அப்படியானால் நீ அடி" என்றார் பணிப்பாளர். துஷாந்த் தன் கடமைப் பட்டியலில் அடித்தல் இல்லை என்றான். தட்டு தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் போனது. பள்ளம் விழுந்த பிறகு அளப்பதுதான் தன் வேலை, விழுத்துவதல்ல என்றார். மரபுரிமை ஆலோசகர் ஆலோசனை மட்டுமே சொல்லலாமாம். சாரதிக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு வேண்டும். பியோன் தொழிற்சங்கத்தைக் கேட்க வேண்டும். தட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பணிப்பாளரிடமே வந்தது. தான் ஒப்பமிடும் அதிகாரி, கம்பி பிடிக்கும் அதிகாரி அல்ல என்று அவர் இரண்டடி பின்னால் போனார். ஒரு கதவில் ஒரு அடி போட இவ்வளவு பேருக்கு எழுத்தில் உத்தரவு தேவைப்பட்டது. எண்பத்து மூன்றில் இந்தச் சிக்கல் எவருக்கும் வரவில்லை.

சுபநேரம் போய்விட்டது. அடுத்த நல்ல நேரம் எப்போது என்று பஞ்சாங்கத்தைத் தேடத் தொடங்கினார்கள்.

அக்கா காரின் மாலையைக் கழற்றி விளக்கின் மேல் போட்டாள். இடப்புறப் பின் கதவைத் திறந்தாள். உள்ளே ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். தட்டித் திருத்திய கதவு, ஒரே தடவையில் சாத்திக்கொண்டது.

"ஓட்டு" என்றாள்.

கலாராணி ஏறினாள். ஒஸ்டின் ஒரு தடவை இருமிவிட்டுக் கிளம்பியது. வாசலில் காவலாளி கொப்பியோடு ஓடி வந்தார். வந்தது 'தள்ளி', போவது எப்படி என்று எழுத அவருக்குச் சொல் வேண்டியிருந்தது. அவர் யோசிக்கிற நேரத்தில், வாசலோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அஸ்ஃபர் நானா கேட்டை அகலத் திறந்துவிட்டார்.

பேராதனையைத் தாண்டினார்கள். "என்கிட்டச் சொல்லியிருக்கலாம்" என்றாள் அக்கா. கலாராணி "ம்" என்றாள். அவ்வளவுதான். அக்கா கண்ணாடியை இறக்கி, மடங்கிய கையை யன்னலில் வைத்துக்கொண்டாள்.

கம்பளைக்கு முன்னால் ஒரு பொலிஸ்காரர் கை காட்டினார். வயது நாற்பதுக்குள். அனுமதிப்பத்திரம் இல்லை என்றதும் அபராதம் எழுதுகிற தண்டச் சிட்டுப் புத்தகத்தை எடுத்தார். ஆனால் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார், இலக்கத் தகட்டைத் தடவினார், "நோனா, என்ன அருமையாகச் செய்திருக்கிறார்கள்!" என்று சிங்களத்தில் வாய்விட்டுச் சொன்னார். பிறகு ஒவ்வொரு பெட்டியாக நிரப்பிச் சிட்டைக் கிழித்து யன்னல் வழியாக அக்காவிடம் நீட்டினார்.

கலாராணி எட்டி வாங்கி வாசித்தாள். இலக்கம் சரி. நிறம் சரி. உரிமையாளர் சரி. 'வாகனத்தில் காணப்படும் சேதம்' என்ற பெட்டியில் கொட்டை எழுத்தில் இருந்தது: 'சேதம் இல்லை.'

அவளுடைய இருபத்திரண்டு வருஷப் புத்தி உடனே வேலை செய்தது. "அக்கா! இதுதான் கார்னு அரசாங்கமே எழுதிக் குடுத்திருச்சு. பள்ளம் இல்லாமலே! இதக் கொப்பி எடுத்து பணியகத்துல..."

"என்ன எழுதியிருக்கு?"

"சேதம் இல்லைன்னு."

அக்கா சிட்டைத் திருப்பி வாங்கினாள். அந்த இரண்டு சொல்லையும் பார்த்தாள். யன்னலில் கிடந்த தன்னுடைய கையைப் பார்த்தாள். பொலிஸ்காரரிடமே நீட்டினாள்.

"மாத்தியா, இது பத்தாது. மொட்டையா சேதம் இல்லைன்னு எழுதக் கூடாது. கதவுல சேதம் இல்லைன்னு எழுதுங்க."

அவர் குழம்பினார். அக்காவின் முகத்திலிருந்து அவருடைய பார்வை கைக்கு இறங்கி அங்கேயே நின்றது. சிட்டை வாங்கிப் பார்த்தார். "பெட்டிக்குள் இடமில்லை நோனா" என்றார், மெதுவாக.

"வெளிய எழுதுங்க."

பின்னால் நுவரெலியா பஸ் ஹோர்ன் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னும் நாலைந்து வாகனம். போகலாமா என்று கலாராணி திரும்பிப் பார்த்தாள். அக்கா யன்னலிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அடிக்கட்டும். நாப்பத்திரண்டு வருஷம் காத்திருந்தோம், இவரு பேனா எடுக்கிற வரைக்கும் இருக்க மாட்டோமா?"

பொலிஸ்காரர் சட்டைப் பையைத் தடவிப் பேனாவைத் தேடினார்.